ஹில்டன் ஹெட் தீவில் கோல்ஃபும் கடலுணவும்: பயணத்தைக் கெடுக்கும் தவறுகள்

தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவுக்குப் போய் வருகிறவர்களிடம் இரண்டு புகார்கள் சேர்ந்தே வரும். கொடுத்த காசுக்கு கோல்ஃப் ஒப்பேறவில்லை. சாப்பாடும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கொஞ்சம் விசாரித்தால் இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கும்: தேர்ந்தெடுத்த மாதம் சரியில்லை, அல்லது தேர்ந்தெடுத்த நேரம் சரியில்லை. அந்தத் தீவில் மைதானத்துப் புல்லும் ஓடையில் விளையும் சிப்பியும் ஒரே பருவத்துக்குக் கட்டுப்பட்டவை. அட்லாண்டாவிலிருந்தோ சார்லட்டிலிருந்தோ நீண்ட வார இறுதிக்குக் காரில் கிளம்பும் நம்மவர்கள் பெரும்பாலும் மைதானத்தின் பெயரை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள், அதற்கேற்ப நாள் குறிக்கிறார்கள், சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மாதம் முதலில், மணி அடுத்து, மைதானமும் உணவகமும் அதற்கப்புறம்.

ஏப்ரல் என்னும் பொறி

அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி முடிந்த அடுத்த வாரம் வழக்கமாக இந்தத் தீவின் ஹார்பர் டவுன் மைதானத்தில் ஹெரிடேஜ் போட்டி நடக்கும். 1969 முதல் நடந்து வரும் போட்டி அது. முதல் ஆண்டில் வென்றவர் ஆர்னால்ட் பால்மர். தொலைக்காட்சியில் ஹார்பர் டவுனின் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததும் "நாமும் ஏப்ரலில் போய் ஆடலாம்" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் போட்டி நாட்களில் அந்த மைதானம் உங்களுக்குத் திறக்காது. பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ள, அறை வாடகை எகிறும், உணவகத்தில் ஒன்றரை மணி நேரம் வாசலில் நிற்க வேண்டும். போட்டியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. ஆடப் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் நடுவை விட்டுவிடுங்கள்.

கோடையில் போனால் வேறு சிக்கல். அங்கே விரித்திருப்பது பெர்முடா புல். வெயிலில் செழித்து வளரும். அதனாலேயே கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், ஓட்டை போட்டு மணல் தூவும் பராமரிப்பு வேலையையும் கோடையில்தான் வைத்துக்கொள்வார்கள். அந்த வாரத்தில் மாட்டினால் பந்து தத்தித் தத்திப் போகும், கட்டணம் மட்டும் நேராக வரும். குளிர்காலத்தில் பெர்முடா பழுப்பாகிவிடுவதால், பல மைதானங்களில் இலையுதிர் காலத்தில் அதன்மேல் ரை புல் விதைப்பார்கள். விதை முளைத்து நிற்கும்வரை மைதானம் மூடியிருக்கலாம். திறந்திருந்தாலும் கார்ட் என்னும் கோல்ஃப் வண்டியைப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். இதை முன்பதிவுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எவரும் போடுவதில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு "கிரீனில் ஓட்டை போடும் வேலை எப்போது, ரை விதைப்பு எப்போது" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லிவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கும் இதே போல ஒரு கணக்கு உண்டு. தென் கரோலினாவில் இயற்கைப் படுகைகளில் சிப்பி எடுக்கும் பருவம் வழக்கமாக அக்டோபர் 1 முதல் மே 15 வரை. ஜூலையில் போய் உள்ளூர்ச் சிப்பி கேட்டால் வேறெங்கிருந்தோ வந்தது, அல்லது பண்ணையில் வளர்த்தது கிடைக்கும். வெதுவெதுப்பான கடல்நீரில் வளரும் விப்ரியோ கிருமியின் ஆபத்தும் கோடையில்தான் அதிகம். கல்லீரல் நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் பச்சைச் சிப்பியை எந்த மாதத்திலும் தொடாமல் இருப்பது நல்லது. பழைய ஓட்டைக் கழற்றி, புது ஓடு இறுகாமல் இருக்கும் நீல நண்டு, அதாவது ஓட்டோடு முழுசாகக் கடித்துத் தின்னும் மென்னண்டு, வசந்தத்தில் சில வாரங்களுக்கு மட்டும் புதிதாக வரும். வெள்ளை இறால் பெருத்து வருவது இலையுதிர் காலத்தில்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் என் ஓட்டு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை. ரை விதைத்து முடித்த மைதானமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். புயல் பருவம் கணக்குப்படி நவம்பர் 30 வரை நீள்கிறது. 2016 அக்டோபரில் மேத்யூ புயல் இந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று பார்க்காமல் வீடு எடுக்காதீர்கள்.

பெயருக்காக ஹார்பர் டவுன்

ஹார்பர் டவுனை வடிவமைத்தவர் பீட் டை, கூட நின்றவர் ஜாக் நிக்லஸ். நீளத்தை வைத்து மிரட்டும் மைதானம் அல்ல. ஃபேர்வே, அதாவது கிரீனுக்குப் போகும் வெட்டிய புல்பாதை, குறுகல்; கிரீன்கள் மிகச் சிறியவை, ஓக் மரக் கிளைகள் வழியின்மேல் கவிந்திருக்கும். பந்து ஃபேர்வேயிலேயே கிடக்கும். ஆனால் தவறான பக்கத்தில் கிடந்தால் கிரீனுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மரம் நிற்கும். எவ்வளவு தூரம் அடிக்கிறோம் என்பதைப் பெருமையாக நினைக்கிறவர்கள் இங்கே நொந்துபோவார்கள். டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டு, நிதானமாக இரண்டாவது அடிக்கு இடம் பார்த்து ஆடுகிறவர்களுக்கு இது விருந்து. பரபரப்பான பருவத்தில் கட்டணம் 400 டாலரைத் தாண்டும் நாட்கள் உண்டு. கோல்ஃப் ஆடத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாதவர் அந்தப் பணத்தைக் கொடுத்து, பதினெட்டு குழிகளிலும் பந்து தேடுவதில் அர்த்தமில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு பால்மெட்டோ டியூன்ஸ் வளாகத்தில் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் மைதானம் இருக்கிறது. தாராளமான ஃபேர்வே, பத்தாவது குழி நேராக அட்லாண்டிக் கடலைப் பார்த்து ஓடும். கடலை ஒட்டி ஆடுகிறோம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தீவின் பெரும்பாலான குழிகள் காட்டுக்குள்ளும் சதுப்புக்கரையிலும்தான் கிடக்கின்றன. கடல் தெரிவதே அபூர்வம். கடல் காற்றோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சார்ல்ஸ்டன் பக்கம் கியாவா தீவின் ஓஷன் கோர்ஸுக்குப் போங்கள். 2021இல் ஃபில் மிக்கெல்சன் தன் 50ஆம் வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்ற இடம்.

எந்த டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் எந்த இடத்திலிருந்து, அடிப்பது என்பதில் நம்மவர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. முன்னால் உள்ள டீயில் நின்றால் மதிப்புக் குறைந்துவிடும் போல. பின்னாலிருந்து அடித்து ஐந்தரை மணி நேரம் இழுத்து, பின்னால் வரும் குழுவின் சாபத்தையும் வாங்கி, கடைசியில் இரவுச் சாப்பாட்டு முன்பதிவையும் கோட்டைவிடுவார்கள்.

குளத்தில் விழுந்த பந்து

விட்டுவிடுங்கள். மைதானக் குளங்களில் அலிகேட்டர் முதலைகள் வாழ்கின்றன; அறிவிப்புப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 2018இல் இந்தத் தீவின் சீ பைன்ஸ் பகுதியில் குளக்கரையில் நாயோடு நடந்துபோன பெண்ணை முதலை இழுத்துக் கொன்றது. முதலைக்குத் தீனி போடுவது மாநிலச் சட்டப்படி குற்றம். தீனி கண்ட முதலை மனிதரைக் கண்டால் விலகாமல் நெருங்கிவரும் என்பதுதான் காரணம்.

கோல்ஃப் விதி 16.2 முதலையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆபத்தான விலங்கு பந்துக்கருகே இருந்தால் அபராதமின்றி வேறிடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். பந்து நீர்ப்பகுதி எல்லைக்குள் கிடந்தால், அபராதமில்லாமல் போடுவதை அந்த எல்லைக்குள்ளேயேதான் போட வேண்டும். வெளியே எடுத்து வந்தால் அபராதமாக ஒரு ஸ்ட்ரோக் (ஓர் அடி) கூடும். கூடட்டுமே.

சூரிய அஸ்தமனத்தைத் தப்பான பக்கத்தில் தேடுவது

"கடலைப் பார்த்தபடி, அஸ்தமன நேரத்தில் ஒரு மேசை" என்று முன்பதிவு செய்கிறவர்கள் ஏராளம். தீவின் கடற்கரை தென்கிழக்கைப் பார்த்தது. சென்னை மெரினாவில் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்கக் காத்திருப்பது போலத்தான். அஸ்தமனம் வேண்டுமென்றால் மறுபக்கம், ஸ்கல் கிரீக் ஓடையோரமோ காலிபோக் சவுண்ட் என்னும் கடற்கழிப் பக்கமோ போக வேண்டும். ஜூனில் சூரியன் மறைய எட்டரை ஆகும், டிசம்பரில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். இதைப் பார்க்காமல் எல்லா மாதத்துக்கும் ஏழு மணி மேசை போடுகிறார்கள்.

அஸ்தமனத்தோடு ஓதத்தையும் பாருங்கள். இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழெட்டு அடி வித்தியாசம். வற்றம் வந்தால் ஓடையோர மேசைக்கு முன்னால் தண்ணீர் இருக்காது. கரும்சேறும் சிப்பிப் பாறைகளும் தெரியும், முட்டை அழுகினாற்போல ஒரு வாடை வரும். அது சாக்கடை நாற்றமல்ல, சதுப்புப் புல் மக்குவதால் எழும் வாயு. உள்ளூர்க்காரர்களுக்கு அது ஊர் மணம். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். கைப்பேசியில் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு மேசைக்குச் சொல்வது ஒரு நிமிட வேலை.

கோல்ஃப் நேரமும் இதோடு மோதும். ஒரு சுற்றுக்கு நாலரை மணி நேரம், குளியல், காரில் போவது என்று சேர்த்தால் மதியம் ஒரு மணிக்கு டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) எடுத்தவர் ஏழரைக்கு முன் தட்டைப் பார்க்க மாட்டார். பல உணவகங்களில் ஒன்பது, பத்து மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கோடையில் பிற்பகலில் இடி மின்னல் வந்து ஆட்டத்தை நிறுத்துவதும் வாடிக்கை. எனவே கோடையில் காலை எட்டுக்கு முன் தொடங்கிவிட வேண்டும். சனவரியில் அதே எட்டு மணி உறைபனியால் தள்ளிப்போகும். பத்தரைக்குப் போனால் போதும்.

எல்லாவற்றையும் பொரித்த தட்டு

முதல் நாளே எல்லாக் கடலுணவையும் சேர்த்துப் பொரித்த பெரிய தட்டை வாங்கிவிடுவது பெரிய வீணடிப்பு. மாவுக்குள் போனபின் உள்ளூர் இறாலும் உறைபனிப் பெட்டி இறாலும் ஒன்றுதான். "இன்றைய இறால் எந்தப் படகில் வந்தது?" என்று கேளுங்கள். தெரிந்த இடத்தில் பதில் உடனே வரும். ஸ்கல் கிரீக்கில் ஹட்ஸன்ஸ் ஒரு காலத்தில் சிப்பி ஆலையாக இருந்த இடம். பக்கத்து ஊரான பிளஃப்டனில் மே ஆற்றங்கரைச் சிப்பிக் கடை 1899 முதல் நடக்கிறது. இங்கே சிப்பி ஒற்றை ஒற்றையாக வளராது, கொத்தாக ஒட்டிக்கொண்டு வளரும். இரும்புத் தகட்டைத் தீயில் ஏற்றி, சிப்பியைக் கொட்டி, ஈரச் சாக்கால் மூடி ஆவியில் வேகவைப்பார்கள். குளிர்காலத்தில் போய் அதை விட்டுவிட்டு வறுத்த மீன் தின்று வருவது பாவம்.

ஃபிராக்மோர் ஸ்டூ என்று பட்டியலில் கண்டால் குழம்பை எதிர்பார்க்காதீர்கள். இறால், புகையூட்டிய சாஸேஜ், சோளக்கதிர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வேகவைத்து, நீரை வடித்து, செய்தித்தாள் விரித்த மேசையில் கொட்டுவது அது.

இந்தச் சமையலுக்கு உரியவர்களை விட்டுவிட்டு உண்பது இன்னொரு தவறு. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் நாடுகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த, கல்லா (Gullah) என்று அழைக்கப்படும் மக்கள்தான் சிவப்புச் சோறு, வெண்டைக்காய்க் கறி, காராமணியும் அரிசியும் சேர்த்து ஆக்கும் ஹாப்பின் ஜான் எல்லாவற்றையும் இந்தக் கரையில் நிலைநிறுத்தியவர்கள். விடுதலை பெற்றவர்கள் 1862இல் தங்களுக்கென்று அமைத்த மிட்செல்வில் என்னும் ஊர் இதே தீவில்தான் இருந்தது. பாலம் 1956இல் வந்தபின் நிலம் உல்லாச வளாகங்களின் கைக்குப் போனது. ஹார்பர் டவுனின் 18ஆம் குழிப் பக்கம் கல்லா மக்களின் பழைய இடுகாடு ஒன்று இன்றும் இருக்கிறது. ஒரு வேளையாவது கல்லா குடும்பங்கள் நடத்தும் கடையில் சாப்பிடுங்கள், ருசிக்காகவே சொல்கிறேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "காய்தானே" என்று நம்பி ஏமாறும் ஊர் இது. கொலார்ட் கீரையில் பன்றி எலும்பு, பீன்ஸில் பேக்கன், கிரிட்ஸ் கஞ்சியில் கோழிச்சாறு, சிவப்புச் சோற்றில் சாஸேஜ் இருக்கும். ஹஷ்பப்பி சோள உருண்டை மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கும். "சைவமா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், "இறைச்சிச்சாறு, பன்றிக் கொழுப்பு சேர்த்ததா?" என்று கேட்டால்தான் உண்மை வரும். பிமெண்டோ சீஸ், தனி எண்ணெயில் பொரித்த பச்சைத் தக்காளி ஆகியவை பெரும்பாலும் பிழைத்துப்போகும். சாலையோரம் விற்கும் அவித்த வேர்க்கடலையை நாம் யாரும் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

சில்லறை விஷயங்கள்

சீ பைன்ஸ் வளாகத்துக்குள் தங்காதவர்கள் வாயிலில் காருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஹார்பர் டவுன் உணவகங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. தீவில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமை கைமாறும், ஊருக்குள் நுழைய ஒரே நெடுஞ்சாலை, ஆகவே சனி மதியம் பாலத்தில் ஊர்ந்துதான் போவீர்கள். காலரில்லாத சட்டையும் ஜீன்ஸும் பல மைதானங்களில் ஆகாது. சொந்தக் குளிர்பெட்டியில் பீர் கொண்டுபோனால் தடுத்து நிறுத்துவார்கள். பையை இறக்கி வைக்கும் பையனுக்குக் கொடுக்கச் சில ஐந்து டாலர் தாள்கள் கையில் இருக்கட்டும். ஆறு பேருக்கு மேல் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். அடிவரியைப் படிக்காமல் மறுபடி இருபது சதவீதம் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்.