ட்ரீம்காஸ்ட்டுக்கு எமுலேட்டர் வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பழைய கேம் கன்சோல்களைத் தேடி வாங்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சேகா ட்ரீம்காஸ்ட்டின் லென்ஸ் தேய்ந்து டிஸ்க் படிக்காமல் போனால், டிரைவையே கழற்றிவிட்டு, எஸ்டி கார்டிலிருந்து கேமை ஓட்டும் எமுலேட்டர் போர்டைப் போடுகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் என்னிடம் சரிசெய்யக் கொண்டுவருகிறவர்களில் பலர் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கார்டை ஃபார்மட் செய்வது, ஃபோல்டர்களுக்கு 01, 02 என்று எண் போடுவது எல்லாம் எந்த வீடியோவிலும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மதர்போர்டைப் பார்க்காமல் ஆர்டர் போடுவது

ட்ரீம்காஸ்ட் 1998-இல் ஜப்பானில் வந்தது, 2001-இல் தயாரிப்பு நின்றது. அந்தக் குறுகிய காலத்துக்குள்ளேயே உள்ளே இருக்கும் மதர்போர்டு விஏ0, விஏ1, விஏ2 என்று மாறியது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரும்பாலானோர் வாங்கும் ஜிடிஎமு என்ற எமுலேட்டர் போர்டு விஏ1-க்கு மட்டுமே பொருந்தும். விஏ1-இன் டிரைவ் 3.3 வோல்ட்டில் பேசுகிறது, விஏ0-இன் டிரைவ் 5 வோல்ட்டில். 3.3-க்கென்று செய்த போர்டை 5 வோல்ட்டில் மாட்டினால் வேலை செய்யாது என்பதோடு, போர்டே கெட்டுப்போகவும் கூடும்.

"அடியில் ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் 1 என்று இருக்கிறதே, விஏ1 என்று தெரிந்துகொள்ள அது போதாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. இந்த விஷயத்தில்தான் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. அம்மாபேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். ஸ்டிக்கரில் 1 இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, கன்சோலையும் எமுலேட்டரையும் சேர்த்தே வாங்கியிருந்தார். போர்டை மாட்டினால் கேம் தொடங்கவே இல்லை. திறந்து பார்த்தேன், உள்ளே இருந்தது விஏ0. மஞ்சள் பூத்த பழைய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு கன்சோலின் வெள்ளை பாடிக்குள் யாரோ இந்த மதர்போர்டை வைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் பாடியோடு வந்தது. விற்றவரோ, "ஸ்டிக்கரைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று கையை விரித்துவிட்டார். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசு அது.

சரி, எப்படித்தான் பார்ப்பது? பக்கவாட்டில் இருக்கும் மோடத்தை உருவுங்கள். மொத்தம் நான்கு ஸ்க்ரூ, அதில் ஒன்று மோடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மூடியைத் தூக்கி டிரைவை எடுத்தால், விஏ0-இல் சிப்புகளின் சூட்டைக் கடத்தும் ஹீட் பைப் தெரியும். விஏ1-இல் அது கிடையாது. வாங்குமுன் விற்பவரிடம் திறந்த நிலையில் ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள். கன்சோலின் மேல் இருக்கும் சுழல் சின்னம் ஆரஞ்சா நீலமா என்பது உலகின் எந்தப் பகுதிக்கான கன்சோல் என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே என்ன மதர்போர்டு என்று சொல்லாது. கையில் ஏற்கெனவே விஏ0 இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம், அதையும் ஏற்கும் எமுலேட்டர்கள் தனியே உண்டு. விஏ0-க்குப் பொருந்தும் என்று விற்பனை விவரத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜப்பான் கன்சோலை நேராக பிளக்கில் செருகுவது

அது 100 வோல்ட். நம்முடையது 230.

நகல் போர்டுக்கு அசல் ஃபர்ம்வேர்

ஜிடிஎமு-வின் மலிவு நகலில், அசல் போர்டுக்கான ஃபர்ம்வேரை (போர்டை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றாதீர்கள். போர்டு செத்துவிடும்.

தானாக ரீசெட் ஆனால் எமுலேட்டரைச் சந்தேகிப்பது

முதலில் பார்க்க வேண்டியது பவர் சப்ளையை மதர்போர்டோடு இணைக்கும் ஆறு பின்களை. அவற்றில் அழுக்கு ஏறினால் கேம் நடுவில் ரீசெட் ஆகும். ஏற்காட்டிலிருந்து வரும் கன்சோல்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன், அங்கே மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி நன்றாக ஆறவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைக்காதீர்கள்.

அப்புறம், எமுலேட்டர் 12 வோல்ட் லைனைத் தொடுவதில்லை. டிரைவ் இழுத்துவந்த சுமை இல்லாமல் போவதால் பவர் சப்ளை கூடுதலாகச் சூடாகும். சேலத்துச் சித்திரை வெயிலில் கன்சோலை மூடிய அலமாரிக்குள் வைத்து ஆடாதீர்கள்.

சாட்டர்ன் வைத்திருப்பவர்களுக்கு

சேகாவின் இன்னொரு கன்சோலான சாட்டர்னிலும் இதே சிக்கல்தான். டிரைவ் கேபிள் சிலவற்றில் 20 பின், சிலவற்றில் 21. எமுலேட்டர் போர்டுகளில் ரியா 20-க்கு, ஃபீபி 21-க்கு. வட்ட பொத்தான் கன்சோல்களிலேயே இரண்டும் வரும். அதனால் பொத்தானின் வடிவத்தை நம்பாமல், மூடியைத் திறந்து பின்களை எண்ணிவிட்டு ஆர்டர் போடுங்கள்.