தானாக எழுந்து ஓட முடியாத குழந்தை இருக்கும் வீட்டில் தீப் பாதுகாப்பு

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியதில் 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பிக்க இயலவில்லை. நம் நகரங்களின் நெருக்கமான சந்துகளில், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை உள்ளே விட்டு, வெளியே பூட்டு போட்டுவிட்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளை தெருவில் இறங்கி வண்டியில் அடிபட்டுவிடுமோ என்ற அவர்களுடைய அச்சமும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலையும் உண்மையானவை. எனினும், தீப் பாதுகாப்பில் முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பூட்டைத்தான்.

சிறிது நேரம் வெளியே போக நேர்ந்தால், பிள்ளையுடன் இருக்கும்படி அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லாதபோது கதவின் வெளிப்புறம் தாழ்ப்பாள் மட்டும் போடுங்கள். சாவி இல்லாமலே எவரும் திறந்து உள்ளே வர முடியும். இரவில் கிரில் கேட்டை உள்ளே பூட்டுபவர்கள், சாவியைக் கதவருகே ஓர் ஆணியில், இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது, பிள்ளை எங்கே படுக்கிறது என்பது. ஒற்றை அறை வீடுகளில் நடக்க முடியாத பிள்ளையை, யாருடைய காலிலும் மிதிபடக் கூடாது என்பதற்காக உள்மூலையில் படுக்க வைப்பது வழக்கம். தீ விபத்தில் கடைசியாகச் சென்றடையும் இடமும் அதுவே. பிள்ளையின் படுக்கையைக் கதவருகே கொண்டுவாருங்கள். அடுப்பு கதவருகே இருந்தால் அதை இடம் மாற்றுங்கள். பிள்ளைக்கு அடியில் கெட்டியான பருத்திப் போர்வை ஒன்றை எப்போதும் விரித்து வையுங்கள். தலைப்பக்கத்து இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, குனிந்தபடியே தரையோடு இழுத்தால், தூக்க முடியாத எடையுள்ள பிள்ளையையும் தாய் ஒருவரே வெளியே கொண்டுவந்துவிடலாம். புகை மேலே எழும்புவதால் தரையை ஒட்டிய காற்றே மூச்சுக்கு ஓரளவு உகந்தது. இதைப் பகலில் பல முறை செய்து பாருங்கள். வாசற்படியில் தலை இடிக்காமல் உயர்த்துவதற்குத்தான் பழக்கம் தேவைப்படும். சக்கர நாற்காலியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு பைக்குகள் நிற்கும் சந்தில் அது நுழையாது.

செவித்திறன் குறைந்த பிள்ளைக்குக் கூச்சல் எட்டாது. தூங்கும் பிள்ளையின் தோளை இருமுறை தட்டினால் உடனே வெளியேற வேண்டும் என்று ஒரு சைகையைப் பழக்குங்கள். பார்வையற்ற பிள்ளை, சுவரைத் தொட்டுக்கொண்டே கதவை அடையும் வழியில் பாத்திரமோ செருப்போ கிடக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சத்தத்துக்கு அஞ்சிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள். தப்பிய பிறகு வீட்டுக்குள் திரும்ப ஓடுவோரும் உண்டு. எனவே வெளியேறும் வழியையும் வெளியே நிற்க வேண்டிய இடத்தையும் படங்களாக வரைந்து, ஒரே வரிசையில் திரும்பத் திரும்பப் பழக்குங்கள். வெளியே வந்ததும் ஒருவர் அப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். வலிப்பு வரும் பிள்ளையை அடுப்பு, விளக்கு அருகே தனியே விட வேண்டாம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே தரையில் படுத்திருக்கும் பிள்ளையைத்தான் அது முதலில் சூழும். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ செய்யாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, பிள்ளையுடன் வெளியேறி, எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண்ணான 1906-ஐ அழையுங்கள். ரப்பர் டியூப்பை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கொசுவத்தியைக் கொசுவலைக்கும் போர்வைக்கும் அருகில் வைக்காதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறித்த பள்ளித் தீ, கீற்றுக்கூரை வழியாகத்தான் பரவியது. கூரைக்குக் கீழே விறகடுப்பு எரிப்பவர்கள் இதை மறக்கலாகாது.

தீயணைப்பு வண்டி பல சந்துகளில் நுழையாது என்பதால், அது வருவதற்குள் செய்ய வேண்டியதைத் தெருவே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எங்கே படுத்திருக்கும் என்பது பக்கத்து மூன்று வீட்டாருக்காவது தெரிந்திருக்கட்டும். பிள்ளையை மீட்பவர், முக்கியச் சாலையில் நின்று வண்டிக்கு வழிகாட்டுபவர் என இருவரைப் பெயர் சொல்லியே நியமியுங்கள். 101 அல்லது 112 எண்ணில் பேசும்போது, முகவரியைச் சொன்னவுடன், நடக்க முடியாத பிள்ளை உள்ளே இருப்பதைச் சொல்லுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம்; பயிற்சி கேட்டு அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தை அணுக அது நல்ல தருணம்.

உடையில் தீப்பற்றினால் பிள்ளையைத் தரையில் கிடத்தி, தடித்த பருத்தித் துணியால் போர்த்தி அணையுங்கள். புண்ணின் மீது ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் தடவ வேண்டாம். பிறகு 108-ஐ அழையுங்கள். கால்களில் உணர்ச்சி குறைந்த பிள்ளையோ, பேச முடியாத பிள்ளையோ வலியைச் சொல்லாது என்பதால், காலைத் தாங்க அணிவிக்கும் காலிப்பரைக் கழற்றி அதன் அடியில் உள்ள தோலையும் முதுகையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.