பாய்ந்து தின்கிறதே என்று போடாதீர்கள்: சிக்லிட் மீன் உணவில் செய்யும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் வளர்க்கிற தொட்டி இருக்கிறது. நாலு வீட்டிலும் வயிறு உப்பிச் செத்த மீனைப் பார்த்திருக்கிறார்கள். நானும்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சிவாஜிநகரில் ஒரு கடையில் டெமசோனி என்ற சிக்லிட் ஆறு வாங்கினேன், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, கருநீலத்தில் வரி ஓடுகிற மீன்கள். என்ன சாப்பாடு போடணும் என்று கேட்டதற்கு, "டியூபிஃபெக்ஸ் புழு போடுங்கண்ணா, பாய்ஞ்சு சாப்பிடும்" என்றார் கடைக்காரர். பாய்ந்துதான் சாப்பிட்டன. பத்து நாள் போயிருக்கும், ஒரு மீன் மூலையில் தனியாக நின்றது, தீனியை வாயில் வாங்கித் துப்பியது, பின்னால் வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் நாலு மீன் போய்விட்டன.

மீன் ஆசையாகத் தின்பதை வைத்து அது அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று முடிவு கட்டுவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு. கரல் லீம் என்ற விஞ்ஞானி 1980இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: பாசி சுரண்டுவதற்கென்றே வாயும் பல்லும் அமைந்த சிக்லிட்கூட, சுலபமாகக் கிடைக்கிற வேறு தீனியைக் கண்டால் விடாது. இதை லீம் முரண் என்றே சொல்கிறார்கள். அது வாழ்கிற ஏரியில் அப்படிப்பட்ட தீனி எப்போதோ ஒரு தடவைதான் வரும், அதனால் வரும்போது வாரித் தின்றுவிடுவது அதற்கு நல்லது. நம் தொட்டியில் அது தினமும் காலையும் மாலையும் வருகிறது, மீனுக்கோ போதும் என்று நிறுத்தத் தெரியாது.

டெமசோனியின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி ஏரியின் தான்சானியாக் கரைப் பாறைகள். அங்கே பாறையில் வாழும் இந்தக் கூட்டத்துக்கு ம்புனா என்று பெயர், உள்ளூர் டோங்கா மொழியில் பாறைமீன் என்று அர்த்தம். பாறைமேல் படிந்த பாசியைத்தான் டெமசோனி நாள் முழுக்கக் கொறிக்கும். பாசியோடு அதில் ஒட்டியிருக்கிற பூச்சிப் புழுக்களும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களும் கொஞ்சம் உள்ளே போகும், அவ்வளவுதான் அதற்குக் கிடைக்கும் மாமிசம். பாசியை மெல்ல மெல்லச் செரிக்க இந்த மாதிரி மீன்களுக்குக் குடல் நீளமாக இருக்கும். அந்தக் குடலில் தினமும் புழுவையும் ரத்தப்புழுவையும் திணித்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்துவிட்டேன். வயிறு உப்புவதற்கு மோசமான தண்ணீர், மீன்களுக்குள் சண்டை என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனால் நம் கையில் உடனே மாற்றக்கூடியது தீனிதான். இன்னொரு ஆப்பிரிக்க ஏரியான டாங்கனிக்காவின் ட்ரோஃபியஸ், அதுவும் பாசி தின்னும் சிக்லிட்தான், அதை வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஸ்பிருலினா என்ற பாசி கலந்த பெல்லட் (உருண்டைத் தீனி), வேகவைத்துத் தோல் உரித்த பட்டாணி, இவை போதும்.

அடுத்தது, சிக்லிட் என்றாலே ஒரே சாப்பாடு என்று நினைப்பது. நம் மார்க்கெட்டில் கூறு போட்டு விற்கிற ஜிலேபி மீனும் சிக்லிட்தான், 1952இல் இந்தியாவுக்கு வந்து பாசி, மக்கிய குப்பை என்று கிடைத்ததைத் தின்று பெருகியது. டாங்கனிக்காவில் ஒரு மீன் மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்றே வாழ்கிறது, அதன் வாயே ஒரு பக்கம் கோணியிருக்கும், வலப்பக்கம் கோணியது இரையின் இடப்பக்கத்தைத்தான் தாக்கும். மலாவியில் இன்னொன்று செத்த மீன் மாதிரி மணலில் சாய்ந்து கிடந்து, கொத்த வருகிற குஞ்சுகளைக் கவ்விவிடும். ஒரே குடும்பத்துக்குள் இத்தனை வித்தியாசம் இருக்கும்போது கடையில் 'சிக்லிட் ஃபுட்' என்று எழுதிய டப்பாவை எல்லாவற்றுக்கும் போட்டால் சரிப்படுமா?

கலந்து வளர்ப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மஞ்சள் லேப் என்று நாம் ஆசையாக வாங்குகிற மீனும் ம்புனாதான், ஆனால் அது பாறை இடுக்கில் பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும் மீன். அதற்கு இறால் தூள் கொஞ்சம் சேர்ந்தால் பரவாயில்லை, பக்கத்தில் நீந்துகிற டெமசோனிக்கு ஆகாது. ஒரே தொட்டி என்றால் டெமசோனியின் கணக்குக்குத்தான் போட வேண்டும், மஞ்சள் லேப் அதில் சமாளித்துக்கொள்ளும்.

எதிர்வீட்டு அண்ணன் ஆஸ்கர் என்ற பெரிய சிக்லிட் வளர்க்கிறார், விருந்தாளி வந்தால் தங்கமீன் குஞ்சை உயிரோடு விட்டுக் காட்டுவார். இதை அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். தங்கமீன் உடம்பில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது, கூடவே நோயும் ஒட்டுண்ணியும் தொட்டிக்குள் வரும். அமேசானில் ஆஸ்கர் சிறு மீன் மட்டுமா தின்கிறது, பூச்சி, நண்டு, இறால், தண்ணீரில் விழுகிற பழம், விதை எல்லாம்தான். கோழி ஈரல், மாட்டு இதயம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கொழுப்பு மீனுக்குப் பழக்கமில்லாதது.

ஜியோஃபேகஸ் என்ற சிக்லிட் வைத்திருந்தால் அடியில் சரளைக்கல் போடாதீர்கள். வாய் நிறைய மணலை அள்ளி, சல்லடை மாதிரி சலித்து, தீனியை வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக விடுகிற மீன் அது, கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? மெல்லிய மணல் வேண்டும்.

அளவு விஷயம்: கண்ணாடிக்குப் பின்னால் நம்மைப் பார்த்து ஆடுவதைப் பசி என்று எண்ணிவிடாதீர்கள், ஆளைக் கண்டாலே அது அப்படித்தான் வரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடுகிற அளவு. வாரம் ஒரு நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது. டிசம்பர், ஜனவரியில் இங்கே ராத்திரி குளிரும், ஹீட்டர் இல்லாத தொட்டியில் செரிமானம் மந்தமாகிவிடும், அப்போது ஹீட்டர் போடுங்கள் அல்லது தீனியைக் குறையுங்கள்.

அப்புறம், பாசியைத் தேய்த்துத் தேய்த்துத் தொட்டியைப் பளபளப்பாக்குவது. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள், பின்பக்கத்தையும் கல்லையும் விட்டுவிடுங்கள். நான் பால்கனியில் ஒரு பக்கெட் தண்ணீரில் நாலு கல்லைப் போட்டு வெயிலில் வைத்திருக்கிறேன். ரெண்டு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். ஒரு கல்லை எடுத்து உள்ளே வைத்தால், மிஞ்சிய ரெண்டு டெமசோனியும் வாயைக் கல்லோடு ஒட்டி, தலையை வெடுக் வெடுக்கென்று ஆட்டிச் சுரண்டும், அரைமணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அந்தக் கல்லைவிட்டு நகர்ந்திருக்காது. மறுநாள் அதில் அங்கங்கே வெளுத்த தடம் தெரியும். நான் வேறு தீனி ஏதும் போடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கல்தான் அவற்றுக்குச் சாப்பாடு.