‘மைனசும் மைனசும் பிளஸ்’ என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

குறியைப் போட மறப்பது, எண்ணைப் பார்த்து எழுதும்போது தவறுவது போன்ற கைப்பிழைகளை விட்டுவிடுவோம். அவை போகப்போகச் சரியாகிவிடும். குறை எண் கூட்டலைச் சொல்லித்தர வருகிற புது ஆசிரியர்களும் பெற்றோரும் விழுகிற குழிகள் வேறு.

அந்த ஒரு வாசகம்

‘மைனசும் மைனசும் பிளஸ்’ என்பது பெருக்கலின் விதி. அதில் ‘பெருக்கினால்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டுப் பாட்டுபோல ஒப்பிக்கவைப்பதுதான் வினை. (−120) + (−80) எவ்வளவு என்றால் பிள்ளை 200 என்று எழுதும். அதே பிள்ளையிடம், “திங்கட்கிழமை மளிகைக் கடையில் 120 ரூபாய்க்குக் கடன் சொன்னோம், புதன்கிழமை இன்னும் 80. நோட்டில் எவ்வளவு நிற்கும்?” என்று கேளுங்கள். “200 ரூபாய் கடன்” என்று பட்டென்று வரும். கடைக்காரர்தான் நமக்கு 200 தர வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. வாயில் சரியாக வருவது தாளில் தலைகீழாகிறது. இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இயற்கணிதத்தில் −3x − 5x என்பது 8x ஆகும். அதற்குள் பிள்ளைக்கு ‘கணக்கு வராது’ என்ற பெயரும் வந்திருக்கும்.

கி.பி. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்த எண்களைத் தனம், ருணம், அதாவது சொத்து, கடன் என்றுதான் சொன்னார். இரண்டு கடன் சேர்ந்தால் கடன்; சொத்தும் கடனும் சேர்ந்தால் வித்தியாசம்; இரண்டும் சமமானால் பூஜ்ஜியம். இவ்வளவு தெளிவாக இருப்பதை விட்டுவிட்டு எதுகை மோனையைப் பிடித்துக்கொள்வானேன்?

மாற்று வழிக்கு இருபது புளியங்கொட்டை போதும். தாயம் உருட்டத் தேய்ப்பதுபோல ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தேயுங்கள். வெள்ளை +1, கறுப்பு −1. (−7) + 5 என்றால் ஏழு கறுப்பை வரிசையாக வைத்து, கீழே ஐந்து வெள்ளை. ஒரு ரூபாய் கையிருப்பும் ஒரு ரூபாய் கடனும் சேர்ந்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டுவிட்டு, ஜோடி ஜோடியாக எடுத்து ஓரம் வைக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது இரண்டு கறுப்பு, −2. (−7) + (−5) வைத்தால் பன்னிரண்டும் கறுப்பு, ஜோடியே சேராது. ‘குறி ஒன்றானால் கூட்டு, வேறானால் கழி’ என்ற விதியை இதற்குப் பிறகு சொன்னால் போதும். முன்னால் சொன்னால் அதுவும் இன்னொரு பாட்டாகிவிடும்.

எண்கோட்டில் நிற்கிற இடத்தை எண்ணுவது

−4 + 6-க்கு விடை 1 என்று வந்தால் காரணம் இதுதான்: −4-இலேயே ‘ஒன்று’ என்று தொடங்கியிருக்கும். தாயத்தில் காய் நிற்கிற கட்டத்தை எண்ணுவோமா?

வெப்பநிலையோடு வெப்பநிலை

லே நகரில் −8 டிகிரி, திராஸில் −12 டிகிரி, கூட்டினால் எவ்வளவு என்று கேட்பது அர்த்தமில்லாத கேள்வி. காலையில் −8, மதியத்துக்குள் 5 டிகிரி ஏறினால் −3 என்பதுதான் கூட்டல். லிஃப்ட்டும் அப்படியே. தரைத்தளம் 0 என்பதால் நல்ல உதாரணம்தான். ஆனால் தளத்தோடு நகர்வைத்தான் கூட்ட முடியும், தளத்தோடு தளத்தை அல்ல.

கி.மு., கி.பி.

வேண்டாம். நடுவில் பூஜ்ஜிய ஆண்டு கிடையாது, அதனால் எண்கோட்டுக்கு உதாரணமாகாது.

‘கடன் பெரிது, அதனால் எண் பெரிது’

−8, −3 இரண்டில் எது பெரிது என்னும்போது “யாருக்குக் கடன் அதிகம்?” என்று கேட்காதீர்கள். “யார் நிலைமை தேவலை?” என்று கேளுங்கள்.

சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவது

தவறான விடையே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். (−7) + 5-க்கு 12 வந்தால் பிள்ளை குறிகளைப் பார்க்கவே இல்லை. −12 வந்தால் 5-இன் குறி வேறு என்பது கண்ணில் படவில்லை. 2 வந்தால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டுக் குறியை மறந்திருக்கிறது. −2 என்று சரியாகவே வந்தாலும் 5 + (−7) ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். முதல் எண்ணின் குறியை அப்படியே விடைக்குப் போடுகிற பழக்கம் இருந்தால், 2 என்று எழுதி அங்கே மாட்டிக்கொள்ளும்.