கதையில் பேசுவது யார்? சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

"இதைச் சொன்னது யார்?" என்று கேட்டால் குழந்தை தவறான பெயரைச் சொல்கிறது. கவனமில்லை என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு நாம் சொல்லித்தந்த விதத்தில்தான் இருக்கிறது.

மேற்கோள் குறியைக் காட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டுமே குறி காட்டும். இந்த வரியைப் பாருங்கள்:

"கமலா, என் குடையை எங்கே வைத்தாய்?" என்றான்.

கண்ணில் படும் ஒரே பெயர் கமலா. ஆகவே பேசியது கமலா என்று குழந்தை சொல்லிவிடும். விடையோ கடைசிச் சொல்லில் இருக்கிறது. பெயரே இல்லாவிட்டாலும் பேசியவன் ஓர் ஆண் என்பதை 'என்றான்' சொல்லிவிடுகிறது. என்றாள், என்றது, என்றார்கள் எல்லாம் அப்படித்தான். இந்த விகுதிகளைக் கவனிக்கப் பழக்காமல் விடுவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. 'என்றார்' மட்டும் கொஞ்சம் வழுக்கும். தாத்தாவா பாட்டியா என்று முந்தைய வரிகளில்தான் தேட வேண்டும்.

எப்போதும் நாமே குரல் மாற்றி நடித்துப் படிப்பதும் சரியல்ல. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை காதால் கண்டுபிடிக்கப் பழகிவிடும், எழுத்தைப் பார்க்காது. சில பத்திகளை ஒரே குரலில் படித்துவிட்டு, ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஒரு நிறத்தில் கோடிடச் சொல்லுங்கள். 'என்றான்' என்பதையும் சேர்த்துக் கோடிடுகிற குழந்தைக்கு, அந்தச் சொல் கதைசொல்லியுடையது என்பது இன்னும் பிடிபடவில்லை.

'நான்' வரும் கதைகளில் பெரியவர்களே சறுக்குகிறார்கள். "நான் மரப்பொந்தில் வசிக்கிறேன்" என்று கதை தொடங்கினால், "ஆசிரியர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டுவிடுகிறோம். எழுதியவர் மனிதர், கதை சொல்வது அணில். அதே பக்கத்தில் ஆந்தை, "நான் பகலில் தூங்குவேன்" என்றால், அந்த 'நான்' வேறு. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

'என்றான்', 'என்றாள்' இல்லாமல் உரையாடல் நீளும்போது, மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பதை விதியாக்கிவிடாதீர்கள். மூன்றாமவர் நுழைந்ததும் கணக்கு தப்பும்.

விடை சரியாக இருந்தாலும், "எதை வைத்துச் சொன்னாய்?" என்று கேளுங்கள். படத்தில் வாய் திறந்திருப்பவரைப் பார்த்துச் சொன்ன விடையும் சில நேரம் சரியாக அமைந்துவிடும்.