காய்ச்சல் விட்ட பிறகும் குழந்தை துவண்டு கிடக்கிறதா? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சல் இறங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தெர்மாமீட்டரை எடுத்து வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. வைரஸ் காய்ச்சலின்போதோ, அது விட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ, மிகச் சில குழந்தைகளுக்கு இதயத் தசை அழற்சி வருகிறது. மருத்துவர்கள் இதை மயோகார்டைட்டிஸ் என்பார்கள். காக்சாக்கி, அடினோ, பார்வோ பி19, ஃப்ளூ, கொரோனா என்று பல வைரஸ்கள் இதற்குக் காரணமாகலாம். கிருமியும் தாக்கும், கிருமியை அழிக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து தசையைப் புண்ணாக்கும். இது அரிதான நோய்தான், பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் வந்துவிட்டால் சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாக மாறலாம்.

இதயக் கோளாறு என்றால் நெஞ்சு வலிக்கும் என்று நாம் காத்திருக்கிறோம். பெரிய பிள்ளைகள் அப்படிச் சொல்லலாம். சின்னக் குழந்தை வயிற்றைத்தான் பிடித்துக்கொள்ளும். இதயம் சரியாக இறைக்காதபோது ரத்தம் தேங்கி ஈரல் வீங்குகிறது. வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது. உடனே செரிமானக் கோளாறு என்போம், கைக்குழந்தையாக இருந்தால் பாட்டி மாந்தம் என்பார். பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குவது, நெற்றி வியர்ப்பது, கை கால் சில்லென்று இருப்பது, முகம் வெளிறுவது ஆகியவற்றை வாந்தியோடு சேர்த்துப் பார்த்தால் அது வயிற்றுக் கோளாறு மட்டுமல்ல என்று புரியும்.

மூச்சையும் நாடியையும் எண்ணாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கடிகாரம் போதும். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி சுமார் 10 துடிப்பு கூடும், அது இயல்பு. காய்ச்சலே இல்லாமல் தூங்கும் 5 வயதுப் பிள்ளைக்கு 140 துடிப்பு இருந்தால் அது இயல்பல்ல. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள்.

சோர்ந்திருக்கிறானே என்று "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க" என்று நாமே கேட்பது இன்னொரு தவறு. பலவீனமான இதயத்துக்கு அந்த நீரே சுமையாகி நுரையீரலில் தேங்கலாம். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுப்பதை இது குறிக்காது, அது அவசியம். அதுபோல, இதுவரை வீசிங் வராத பிள்ளைக்குத் திடீரென இரைப்பு வந்தால் வீட்டிலேயே நெபுலைசர் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அதில் ஊற்றும் சால்பூட்டமால் மருந்து நாடியை இன்னும் விரட்டும். மருத்துவரே சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

மார்பு எக்ஸ்ரே சில சமயம் சரியாகவே இருக்கும். அதை வைத்துத் திருப்தி அடையாமல் ஈ.சி.ஜி., எக்கோ என்னும் இதய ஸ்கேன், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

கொரோனா விஷயத்தில் இன்னொன்று உண்டு. தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து, கடும் காய்ச்சல், கண் சிவப்பு, தோல் தடிப்பு, வயிற்று வலியோடு பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி சில குழந்தைகளுக்கு வந்ததை 2020-இல் மருத்துவ உலகம் கண்டது. அதிலும் இதயம் பாதிக்கப்படும். போன மாதம் வந்த சளியையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மயோகார்டைட்டிஸ் வந்த பிள்ளைகள் பலர் நன்றாகக் குணமாகிறார்கள். குணமானதும் ஓடத் துடிப்பார்கள், நமக்கும் தடுக்க மனம் வராது. ஆனாலும் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை ஓட்டப் பந்தயம், கால்பந்து, நீச்சல் கூடாது. ஆறிக்கொண்டிருக்கும் தசையில் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து இருக்கிறது. பள்ளியில் பி.டி. ஆசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். மறுபடி எக்கோவும் ஈ.சி.ஜி.யும் பார்த்து இதய மருத்துவர் அனுமதி தந்த பிறகு அவன் மைதானத்தில் இறங்கட்டும்.