நர்சம்மாவிடம் கேட்காமல் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே இரண்டாவது பிரசவத்தோடு செய்துவிடும் ஆபரேஷன்தான் என்று ஆகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் செய்துகொள்வது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மாத்திரை, ஊசி, கருப்பையில் வைக்கும் காப்பர்-டி, ஆணுறை எல்லாம் கிராம சுகாதார செவிலியர், அதாவது நம் நர்சம்மா மூலம் இலவசமாகவே கிடைக்கும். இருந்தும் அவற்றை எடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எடுப்பவர்களிலும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேட்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் தவறு, நர்சம்மாவைத் தாமதமாகப் பார்ப்பது. ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதி என்றால் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அந்தப் பகுதித் தம்பதியர் விவரம் எல்லாம் நர்சம்மாவின் பதிவேட்டில் இருக்கும். ஆனாலும் நாள் தள்ளிப்போன பிறகுதான் பெண்கள் அவரிடம் வருகிறார்கள். கல்யாணமான புதிதில் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று நினைக்கிற ஜோடிக்கும் அவர் உதவுவார். புதன்கிழமை தடுப்பூசி நாளில் கூட்டமாக இருக்கும், மாமியாரும் கூட வந்திருப்பார். வேறொரு நாளில் தனியாகப் பார்த்துப் பேசுவது நல்லது.

அடுத்தது, ‘பால் கொடுக்கிற வரைக்கும் கரு நிற்காது’ என்கிற நம்பிக்கை. ஒன்றரை வயதுக் குழந்தை இடுப்பில் இருக்கும்போதே அடுத்த பிரசவத்துக்குப் பல பெண்கள் போவது இதை நம்பித்தான். தாய்ப்பால் காப்பது உண்மை, ஆனால் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் வேறு வழி தேவை. மாதவிலக்கு வரும் முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடும் என்பதால், ‘இன்னும் தூரமே ஆகவில்லையே’ என்று காத்திருந்தால் ஏமாந்துவிடுவோம்.

அதிகக் குழப்பம் சாயா மாத்திரையில்தான். இது ஹார்மோன் இல்லாத மாத்திரை, பால் கொடுக்கும் தாயும் எடுக்கலாம். மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளில் ஆரம்பிக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதம் ஞாயிறு, புதன் என்று வாரம் இரண்டு. நான்காவது மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். ‘வாரம் ஒரு மாத்திரை’ என்று காதில் வாங்கிக்கொண்டு முதல் வாரத்திலிருந்தே ஒன்றாகப் போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்காது. மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுவிட்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஏழு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் கணக்கு முதலிலிருந்து. சாயாவில் சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், போக்கும் குறையும். அது நோய் அல்ல. ஆனால் 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நாட்காட்டியில் அந்தந்தக் கிழமையைச் சுழித்துக் கொடுக்கச் சொல்லி நர்சம்மாவிடம் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

மாலா-என் தினசரி மாத்திரை. அட்டையில் 28 இருக்கும். அதில் கடைசி ஏழு வெறும் இரும்புச்சத்து மாத்திரைதான். கணவர் வெளியூர் போயிருக்கிறார் என்று நிறுத்தி, வந்ததும் தொடர்வது பெரிய தவறு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் பால் கொடுப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முதல் ஊசி டாக்டர் பார்த்த பிறகுதான். போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. மருந்து வேகமாகக் கரைந்து, மூன்று மாதம் தாங்காமல் போகும். ஊசி வலிக்குத் தேய்த்துவிடுவது நம் வீட்டுப் பழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசி போட்டபின் சிலருக்கு விட்டுவிட்டுக் கறைபடும், போகப்போக மாதவிலக்கு நின்றுவிடும். ‘கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும்’ என்று யாரோ பயமுறுத்த, அடுத்த ஊசிக்கு வராமலே போகிறார்கள். அப்படி எதுவும் உள்ளே தேங்குவதில்லை. ஒரு வருடத்துக்குள் அடுத்த குழந்தை வேண்டும் என்றால் இந்த ஊசியைத் தவிர்ப்பது நல்லது. கடைசி ஊசிக்குப் பிறகு கரு நிற்க 7 முதல் 10 மாதம்கூட ஆகலாம். இதை முன்பே சொல்லியிருந்தால் ‘ஊசி மலடாக்கிவிட்டது’ என்ற பேச்சே வந்திருக்காது.

காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பயமும் அப்படித்தான், அங்கே போக வழியே கிடையாது. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டது தானாகக் கழன்று விழ வாய்ப்பு சற்று அதிகம். ஆறாவது வாரம் காட்டாமல் இருப்பவர்களுக்கு அது விழுந்ததே தெரியாமல் போகலாம். எந்த வகை, ஐந்து வருடமா பத்து வருடமா, என்றைக்கு எடுக்க வேண்டும் என்பதையும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நர்சுகள் பக்கமும் தவறு உண்டு. இலக்கு வைத்து ஆள் பிடிக்கும் முறையை மத்திய அரசு 1996இலேயே கைவிட்டது. இருந்தும் மேலிருந்து எண்ணிக்கை கேட்கும்போது, நர்சம்மா விளக்குவதை விட்டுவிட்டு வற்புறுத்தத் தொடங்கிவிடுகிறார். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் சம்மதம் கேட்பது சம்மதமே ஆகாது. ஏழாவது, எட்டாவது மாதப் பரிசோதனையிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். கணவர் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்று திருப்பி அனுப்புவதும் தவறு. மத்திய அரசின் வழிகாட்டுதலில் அப்படி நிபந்தனை இல்லை, அந்தப் பெண்ணின் சம்மதம் போதும்.

ஆண்களோடு பேசுவது நர்சம்மாவுக்குச் சங்கடம், அவர்களுக்கு அதைவிடச் சங்கடம். ஊரில் சுகாதார ஆய்வாளர் இருப்பார், அவரைக் கேட்கலாம். ஆண்களுக்குச் செய்யும், தழும்பு தெரியாத அந்தச் சின்னக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் பலம் குறையாது. ஆனால் செய்த அன்றே பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, பிறகு விந்துப் பரிசோதனை செய்து, அதற்கப்புறம்தான் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழை ஆண் பெண் இருவருமே பத்திரமாக வைக்க வேண்டும். அபூர்வமாக ஆபரேஷன் தவறிக் கரு நிற்பதுண்டு, அதற்கு அரசின் இழப்பீடு இருக்கிறது. நாள் தள்ளிய உடனே நர்சம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். கருவைக் கலைப்பதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் பேசி முடிவெடுக்கவும், இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் காலக்கெடு உண்டு.